சாவை நினைத்தால் இந்தக் கணம் கைநழுவுகிறது. இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள்?

தாள்திருத்தி:

அம்மா போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. மூளையில் ரத்தக் கசிவு. காலையில் என்னோடு போனில் பேசியவர் மாலையில் இல்லை. நோயில் கிடந்து, நாங்கள் மனதைத் தயார் செய்துகொண்டு, விடைகொடுத்து அனுப்பும் வாய்ப்பெல்லாம் கிடைக்கவில்லை. அழுகை ஓரளவு அடங்கிவிட்டது. அடங்காத ஒன்றைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறேன்.

"வாழ்க்கை நிலையில்லாதது, அதனால் இந்தக் கணத்தில் வாழ்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு இந்த வாக்கியத்தின் முன்பாதியும் பின்பாதியும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. என் மகளுக்கு ஏழு வயது. முன்பல் விழுந்த இடைவெளியில் நாக்கை நுழைத்து நுழைத்துக் காட்டிக்கொண்டே, வகுப்பில் நடந்த ஏதோ ஒரு சண்டையை விவரிப்பாள். நடுவில் எனக்குள் ஓடும்: இதுவும் போய்விடும், ஒருநாள் இவளை விட்டு நானும் போய்விடுவேன். அவ்வளவுதான், நான் அவள் எதிரில் இல்லை. அவளுக்கு இருபது வயதாகிவிட்டது, நான் இல்லை, யாரிடமோ என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "அம்மா, கேக்கறியா?" என்று அவள் உலுக்கும்போதுதான் திரும்பி வருகிறேன். நிலையாமையை நினைத்ததால்தான் அந்தக் கணம் போயிற்று.

இன்னொன்று, "இன்றே கடைசி நாள் என்று நினைத்து வாழ்". நான் கணக்கு ஆசிரியை. மேசையில் திருத்த வேண்டிய விடைத்தாள்கள் கட்டாக இருக்கின்றன. இன்று கடைசி நாள் என்றால் பின்னக் கணக்கை நான் ஏன் திருத்த வேண்டும்? கட்டைத் தூர வைத்துவிட்டு மகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்படியென்றால் என் நாட்களில் பெரும்பகுதி வீணா? ஆனால் எனக்கு இந்த வேலை பிடிக்கும். ஒரு பிள்ளை எந்தப் படியில் வழி தவறியது என்று அதன் அடித்தல் திருத்தல்களை வைத்தே கண்டுபிடிக்கும்போது எனக்குள் ஒரு வெளிச்சம் வரும். அதை விட்டுக்கொடுக்க மனம் இல்லை.

மரணத்தை மறக்காமலும், முன்னால் இருப்பதில் முழுதாக இருந்தும் வாழ்கிறவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். தத்துவம் நிறையப் படித்துவிட்டேன். அந்த நொடியில் மனதுக்குள் நீங்கள் என்ன செய்கிறீர்கள், அதுதான் எனக்கு வேண்டும்.

எண்ணிப்பார்:

அம்மாவின் மறைவுக்கு என் வருத்தங்கள்.

மனம் எதிரில் இருப்பதை விட்டு நழுவுவது எல்லாருக்கும் நடப்பது. 2010-இல் ஹார்வர்டைச் சேர்ந்த கில்லிங்ஸ்வர்த், கில்பர்ட் என்ற இருவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2250 பேருக்கு, நாளின் ஏதாவது ஒரு நேரத்தில் ஐபோன் செயலி வழியாகக் கேள்வி போகும்: இப்போது என்ன செய்கிறீர்கள், அதைப் பற்றித்தான் நினைக்கிறீர்களா, எப்படி உணர்கிறீர்கள்? வந்த பதில்களில் 46.9 சதவீதத்தில் மனம் வேறு எங்கோ இருந்தது. கசப்பானதை நினைத்தவர்களும் சாதாரணமானதை நினைத்தவர்களும், கையில் இருந்த காரியத்தில் இருந்தவர்களைவிட மகிழ்ச்சி குறைவாக இருந்தார்கள். இனிமையானதை நினைத்தவர்களுக்குக்கூட அதனால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

இதைக் காட்டி "எதிர்காலத்தை நினைக்காதே" என்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. நாளைய பாடத்தைத் திட்டமிடவே உட்கார்ந்தீர்கள் என்றால், அப்போது உங்கள் கையில் இருக்கும் காரியமே நாளைதான். அங்கே மனம் அலையவில்லை.

கடைசி நாள் விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம். அந்த யோசனை இவ்வளவு பரவியதற்கு ஸ்டீவ் ஜாப்ஸ் 2005-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆற்றிய உரை ஒரு முக்கியக் காரணம். அவர் சொன்னதில் பாதியைத்தான் மக்கள் எடுத்துக்கொண்டார்கள். தினமும் காலையில், இன்று கடைசி நாளாக இருந்தால் இன்று செய்யப்போவதைச் செய்ய விரும்புவேனா என்று கேட்டுக்கொள்வாராம். தொடர்ந்து பல நாட்கள் "இல்லை" என்றே வந்தால் எதையோ மாற்ற வேண்டும் என்று புரிந்துகொள்வாராம். ஒருநாள் "இல்லை" வந்தால் ஒன்றும் ஆகிவிடாது. உங்கள் விடைத்தாள் கட்டு அந்தக் கேள்வியில் எளிதாகத் தேறிவிடும் என்றே தோன்றுகிறது.

இரவுப்பணி:

நான் செவிலியர். இனி குணமாகாது என்று தெரிந்தவர்களின் வலியையும் மூச்சுத்திணறலையும் குறைத்து, இருக்கும் வரை நன்றாகப் பார்த்துக்கொள்ளும் வார்டில் பல வருடங்களாக வேலை. மனதுக்குள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருப்பதால் எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாட்களைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் நினைப்பது வேறு, நாங்கள் பார்ப்பது வேறு. கடைசி வாரங்களில் பெரும்பாலானவர்கள் நாளில் பாதிக்கு மேல் தூங்குகிறார்கள். பசி போய்விடுகிறது. குடும்பத்தினர் ஒரு வாயாவது ஊட்டிவிடத் தவிப்பார்கள், ஆனால் உடம்பு அதைக் கேட்பதில்லை. நாங்கள் உதட்டையும் நாக்கையும் ஈரப்படுத்திக்கொண்டே இருப்போம், அதுதான் அப்போது பெரிய ஆறுதல். மலை ஏறவோ பகை முடிக்கவோ அந்த உடம்பில் தெம்பு இருக்காது. "கடைசி நாள் போல வாழ்" என்கிறவர்கள், நல்ல உடம்போடு நடமாடும் ஒரு கடைசி நாளைக் கற்பனை செய்கிறார்கள். அப்படி ஒரு நாள் உங்கள் அம்மாவைப் போலத் திடீரென்று போகிறவர்களுக்குத்தான் கிடைக்கிறது. அவர்களுக்கோ அது கடைசி என்று தெரியாது. அதனால் உங்கள் அம்மா அன்று காலை செய்ததெல்லாம், உங்களோடு போனில் பேசியது உட்பட, கடைசி நாளில் செய்யத் தகுந்த காரியங்கள்தான். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறேன்.

மார்பின் என்ற வலி மருந்தின் சாதாரண வகையை வாய்வழி கொடுத்தால், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்ய ஆரம்பிக்கும், நான்கு மணி நேரம் போலத் தாங்கும். வலி அடங்கித் தலை தெளிந்திருக்கும் ஒரு பொழுது அதில் கிடைக்கும். நோயாளிகள் அதை எங்களைவிடத் துல்லியமாக அறிந்து வைத்திருப்பார்கள். அந்தப் பொழுதில் யார் வர வேண்டும், எதை முடிக்க வேண்டும் என்று காலையிலேயே தீர்மானித்துவிடுவார்கள். மரணத்தை அறிந்தவர்கள் கிடைத்த நேரத்தை என்ன செய்கிறார்கள் என்று நான் பார்த்தது அங்கேதான்.

கணக்காளராக இருந்த ஒருவர், தன் தெளிவான பொழுதையெல்லாம் மனைவிக்கு வீட்டுக் கணக்கு சொல்லிக்கொடுப்பதில் செலவிட்டார். எந்தத் தொகை எந்தத் தேதியில் போகும், எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது, கடவுச்சொற்கள், காப்பீடு. அந்த அம்மாவுக்கு முதலில் கோபம். "இதையெல்லாம் இப்போதா பேசுவது, என் முகத்தைப் பாருங்கள்" என்று அழுதார். அவரோ பக்கத்தைத் திருப்பி அடுத்த வரிக்குப் போவார். முழுக்க முழுக்க எதிர்காலம், அதுவும் அவர் இல்லாத எதிர்காலம். ஆனால் அந்த மனிதரைப் போல முழுதாக ஒரு இடத்தில் இருந்த ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. மனைவி ஒரு கூட்டலைத் தானே சரியாகப் போட்டபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். உங்கள் விடைத்தாளில் வரும் வெளிச்சம் என்று எழுதியிருந்தீர்களே, அதேதான்.

இன்னொருவர் தையல்காரர். மருத்துவமனை அங்கிகளில் முதுகுப்பக்கம் கட்டும் நாடா பிய்ந்துகொண்டே இருக்கும். "கொண்டா இங்கே" என்று வாங்கி, படுக்கையில் சாய்ந்தபடி ஒவ்வொன்றாகத் தைத்துக்கொடுத்தார். அவர் போன பிறகும் அந்த அங்கிகளை மற்றவர்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் அவரிடம் "இந்தக் கணத்தில் வாழுங்கள்" என்று சொல்லத் தேவைப்படவில்லை.

சரி, உங்கள் மகள் விஷயம். "இதுவும் போய்விடும்" என்ற எண்ணம் எனக்கும் தினமும் வருகிறது, வார்டிலும் வீட்டிலும். அதை உற்றுப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. அந்த எண்ணத்தின் முதல் நொடி நிகழ்காலத்தைப் பற்றியது. இவள் இருக்கிறாள், இந்தப் பல் இடைவெளி இருக்கிறது, இது நிரந்தரம் இல்லை. இவ்வளவும் உண்மை, இவ்வளவும் உங்கள் எதிரில் இருப்பது. அதற்கப்புறம் வருவது, இருபது வயது, நீங்கள் இல்லாத வீடு, அதெல்லாம் மனம் தானாக எடுத்து ஓட்டும் படம். நான் எண்ணத்தைத் துரத்துவதில்லை. துரத்தினால் கூடுதலாக வரும். முதல் நொடியை ஏற்றுக்கொண்டு, அது கை நீட்டும் திசையில் பார்க்கிறேன். அது நீட்டுவது அவளைத்தானே? நாக்கு எப்படி நுழைகிறது, எந்த எழுத்தைச் சொல்லும்போது காற்று வருகிறது, சண்டையில் யார் பக்கம் நியாயம். படம் ஓட ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தால் அவளிடமே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். "அப்புறம் அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டால் போதும். பதிலைக் கேட்க வேண்டியிருப்பதால் மனம் திரும்பி வந்தாக வேண்டும்.

இது தானாக வரும் பழக்கம் ஆகும் வரை, ஏற்கெனவே செய்கிற ஒரு காரியத்தோடு கட்டிப்போடுங்கள். எனக்கு அது கை கழுவுவது. உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி சோப்புப் போட்டுக் கழுவினால் 40 முதல் 60 நொடி பிடிக்கும், ஒவ்வொரு படுக்கைக்கும் இடையில் செய்தாக வேண்டும். அந்த நேரத்தில் முந்தைய நோயாளியைத் தண்ணீரோடு விட்டுவிட்டு, அடுத்தவர் பெயரை மனதில் ஒருமுறை சொல்லிக்கொள்வேன். உங்களுக்கு அது பேனா மூடியைத் திறப்பதாக இருக்கலாம். அடுத்த தாள், அந்தப் பிள்ளையின் பெயர், பிறகு கணக்கு.

மறுபக்கம்:

இரவுப்பணியின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் மரணத்தை நினைப்பதே மனிதரை மேம்படுத்தும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கிரீன்பெர்க், பிஸ்சின்ஸ்கி, சாலமன் மூவரும் 1986-இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். மரணம் நினைவுக்கு வந்தால் மனிதர் தன் நம்பிக்கைகளை இன்னும் இறுகப் பற்றிக்கொள்வார், அதற்கு வெளியே இருப்பவர்களிடம் கடுமையாவார் என்பது அதன் சாரம். 1989-இல் வெளிவந்த ஒரு சோதனையில் அமெரிக்க நகராட்சி நீதிபதிகள் 22 பேர் கலந்துகொண்டார்கள். தங்கள் சாவைப் பற்றி எழுதச் சொல்லப்பட்டவர்கள் ஒரு கற்பனை வழக்கில் சராசரியாக 455 டாலர் பிணைத்தொகை விதித்தார்கள், மற்றவர்கள் 50 டாலர். சிறிய சோதனைதான். பின்னாளில் பல ஆய்வகங்கள் சேர்ந்து இதே கோட்பாட்டின் வேறொரு பழைய சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு தென்படவும் இல்லை. ஆக, சாவு நினைவு நம்மைக் கெடுக்கும் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது, வளர்க்கும் என்றும் சொல்ல முடியாது.

எனக்கு இதயத்துடிப்பில் கோளாறு இருக்கிறது என்று கண்டுபிடித்த காலத்தில், சாவு என் நினைவை விட்டு நீங்கவே இல்லை. அதனால் எந்த ஞானமும் வரவில்லை. எதிரில் மனைவி பேசிக்கொண்டிருக்க, நான் மேசைக்கடியில் நாடி பிடித்து எண்ணிக்கொண்டிருப்பேன். எனக்கு உதவியது மருந்தும், மாலை நடையும், பேச்சுவழிச் சிகிச்சை கொடுத்த ஒரு மனநல நிபுணரும்.

தாள்திருத்தி, இதை அக்கறையோடு சொல்கிறேன். சில மாதத் துயரம் இயல்பு. அது மாதக்கணக்கில் கொஞ்சமும் தணியாமல் அன்றாடத்தை முடக்கினால் அதை நீடித்த துயரக் கோளாறு என்று மருத்துவம் ஏற்றுக்கொள்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு குறைந்தது 6 மாதம் என்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022 கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. உங்களுக்கு அது இருப்பதாகச் சொல்லவில்லை. தூக்கம் போனால், மகளைத் தனியே விட முடியாத அளவுக்குப் பயம் வந்தால், மாதக்கணக்கு முடியட்டும் என்று காத்திருக்காமல் ஒருவரைப் பாருங்கள்.

இரவுப்பணி:

மறுபக்கம் சொன்ன மருத்துவ ஆலோசனையை நானும் வழிமொழிகிறேன். எங்கள் வார்டைப் போல, குணமாகாதவர்களின் வேதனையைக் குறைக்கும் நவீன நோய்த்தணிப்பு இல்லத்தை 1967-இல் லண்டனில் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடம்பு, மனம், உறவுகள், வாழ்வின் பொருள் எல்லாம் சேர்ந்துதான் வலி என்றார். ஒன்றுக்கு மருந்து கொடுத்து மற்றதை விட்டுவிட்டால் வலி அடங்காது. எங்கள் வார்டில் தினமும் அதைப் பார்க்கிறோம்.

நீங்கள் மேசைக்கடியில் எண்ணியது உங்கள் சாவை. நான் சொல்ல வந்தது எதிரில் இருப்பவரும் இறப்பவர் என்ற நினைவை. என் சாவு என்று யோசித்தால் எனக்கும் உள்ளே சுருங்குகிறது. இந்த மனுஷிக்கும் முடிவு உண்டு என்று யோசித்தால் கை தானாக மெதுவாகிறது, ஊசியைக்கூடப் பதமாகப் போடுகிறேன்.

மெதுநடை:

தியானம் பழகுகிறவன். ஒரு செய்தி மட்டும்.

பழைய பாலி நூல்களில் ஒரு உரையாடல் வருகிறது. மரணத்தை எப்படி நினைக்கிறீர்கள் என்று புத்தர் துறவிகளிடம் கேட்கிறார். ஒரு பகலும் இரவும் இருந்தால் போதும், போதனையில் மனம் வைப்பேன் என்கிறார் ஒருவர். ஒரு பகல் என்கிறார் இன்னொருவர். ஒருவேளை உணவு உண்ணும் நேரம், நாலைந்து கவளம் என்று குறுகிக்கொண்டே வருகிறது. ஒரு கவளம் மென்று விழுங்கும் நேரம் என்றவரையும், ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வரும் நேரம் என்றவரையும் மட்டுமே விழிப்போடு இருப்பவர்கள் என்கிறார் புத்தர். மற்றவர்கள் அசட்டையாக இருக்கிறார்களாம். ஒருநாள் என்று நினைத்தவர்கூட!

தாள்திருத்தி கேட்ட முரண் இங்கே அவிழ்கிறது என்று நினைக்கிறேன். கடைசி நாள் என்றால் அந்த நாளை எப்படிச் செலவிடலாம் என்று மனம் திட்டம் போடக் கிளம்பிவிடும். ஒரு மூச்சு என்றால் திட்டம் போட இடமே இல்லை. செய்துகொண்டிருப்பதைச் செய்ய மட்டும்தான் நேரம். விடைத்தாளோ மகளோ, எது கையில் இருக்கிறதோ அது. மூச்சுப் பயிற்சி என்று தனியாக உட்கார வேண்டியதும் இல்லை.

தாள்திருத்தி:

எல்லாருக்கும் நன்றி. "அப்புறம் அவன் என்ன சொன்னான்" என்று நேற்று கேட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது நீண்ட கதை, முழுதும் கேட்டேன். அவன் பக்கம்தான் நியாயம்.

இரவுப்பணி அக்கா (அப்படி அழைக்கலாம் என்று நினைக்கிறேன்), அந்தக் கணக்காளர் மனதை விட்டுப் போகவில்லை. அம்மாவின் காகிதங்களைத் தேடி நாங்கள் பட்ட பாடு அப்படி. நானும் அவரைப் போல எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் எனக்கு நோய் எதுவும் இல்லை. ஒரு மூச்சு என்று வாழ்வதா, முப்பது வருடம் என்று திட்டமிடுவதா? எந்த அளவை நம்பி உட்காருவது?

இரவுப்பணி:

தாராளமாக அழையுங்கள்.

இந்தக் கேள்வியை நரம்பு அறுவை மருத்துவர் பால் கலாநிதி தன் 36-ஆவது வயதில் நுரையீரல் புற்றுநோய் வந்தபோது எழுப்பினார். மூன்று மாதம் என்று சொன்னால் குடும்பத்தோடு இருப்பேன், ஒரு வருடம் என்றால் புத்தகம் எழுதுவேன், பத்து வருடம் என்றால் மருத்துவத்துக்கே திரும்புவேன், ஆனால் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியவில்லையே என்று எழுதினார். ஒருநாளைக்கு ஒருநாள் என்று வாழச் சொல்கிறார்கள், அந்த ஒருநாளை என்ன செய்வது என்பதுதான் அவருடைய தவிப்பு. அவர் காத்திருக்கவில்லை. உடம்பு இடம் கொடுத்தபோது அறுவை அரங்குக்குத் திரும்பினார். முடியாமல் போனபோது எழுதினார். இடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. 2015 மார்ச்சில், 37 வயதில் இறந்தார்.

அதனால் அளவைத் தேடாதீர்கள். முப்பது வருடத்துக்கும் தேவைப்படும், நாளைக்கே தேவைப்பட்டாலும் பயன்படும் காரியங்கள் சில இருக்கின்றன, அவற்றை முதலில் முடித்து வையுங்கள். நீங்கள் இருவரும் இல்லாவிட்டால் மகளை யார் வளர்ப்பது என்று கணவரோடு பேசி, அந்த ஆளிடமும் சம்மதம் கேட்டு எழுதிவிடுங்கள். நினைவில்லாமல் கிடந்தால் உங்களுக்காக முடிவெடுப்பது யார், எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதையும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வார்டில் குடும்பங்கள் அதிகம் சண்டையிடுவது இதில்தான், ஏனென்றால் யாரும் கேட்டு வைத்திருக்க மாட்டார்கள். கணக்குகள், காகிதங்கள் இருக்கும் இடம் எல்லாம் ஒரே தாளில் வரட்டும். அந்தத் தாள் எங்கே என்று இன்னொருவருக்கும் தெரியட்டும்.

இதையெல்லாம் இரவில் செய்யாதீர்கள். களைத்த மனதில் அந்தப் படம் உடனே ஓட ஆரம்பித்துவிடும். விடுமுறை நாள் காலையில், தூங்கி எழுந்த தெம்போடு, கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதுங்கள். மகள் குறுக்கே வந்து என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டால் மறைக்க வேண்டாம். "நாங்க இல்லாதப்போ உன்னை யார் பார்த்துக்கணும்னு எழுதறோம்" என்று சொல்லலாம். பாட்டியை இழந்த குழந்தை அவள். அந்தக் கேள்வி அவளுக்குள்ளும் இருக்கும், கேட்க இடம் கிடைத்தால் கேட்பாள்.